முதலாளிக்கு ஒரு வேலைக் கடிதம்

ஜொகூர் பாரு பெர்மாஸ் ஜெயாவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் முதலாளிமாரே, பரிமாற ஆள் எடுக்கப்போகிறீர்களாமே? வக்கீலுக்கு எதற்குத் தண்டச் செலவு, வேலைக் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை என்றால் ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம். "எழுத்தெல்லாம் எதுக்கு தம்பி, நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்கிறீர்கள் நீங்கள். வாஸ்தவம். பெற்ற மகனின் பாஸ்போர்ட்டையும் கல்லாவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வீர்கள் போலிருக்கிறது. வேலையாளின் பாஸ்போர்ட்டை அப்படிப் பூட்டிவைப்பதை 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் குற்றம் என்கிறது. குடும்ப விஷயத்தில் சட்டத்துக்கு என்ன வேலை!

சம்பளம் 1,700 வெள்ளி என்று போடுங்கள். 2025 ஆகஸ்டிலிருந்து ஒரே ஒரு ஆளை வைத்திருக்கும் கடைக்கும் அதுதான் குறைந்தபட்சம். சர்வீஸ் சார்ஜை உள்ளே நுழைத்துக் கணக்கை நேர் பண்ணலாம் என்று கணக்குப்பிள்ளை காதைக் கடித்தால் கேட்காதீர்கள். ஒரு ஹோட்டல் அதே யோசனையோடு கூட்டரசு நீதிமன்றம்வரை ஏறி, 2021இல் தோற்று இறங்கியது. வாடிக்கையாளர் பரிமாறுகிறவனுக்குக் கொடுத்த காசை எடுத்து அவனுக்கே சம்பளமாகக் கொடுக்கும் வித்தை செல்லாது.

வேலை நேரம்? 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி. அதையும் அழகாக எழுதுங்கள். எழுதிவிட்டுத்தானே தினம் 12 மணி நேரம், வாரம் ஆறு நாள் நிற்க வைக்கிறீர்கள். மொத்தம் 72. மிகுதி 27 மணி, ஒன்றரை மடங்குக் கூலிக்கு உரியது. நாலு வாரத்தில் 108 மணி ஆகிறது. ஒரு மாதத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பே 104. அந்த 104க்கு மட்டும் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,275 வெள்ளி வருகிறது. மாதாமாதம் அந்தப் பணம் எங்கே போகிறது? கூலி கொடுத்து 108 மணி வாங்கினாலே குற்றம். கொடுக்காமல் வாங்குவதற்குத் திருட்டு என்று பெயர். கடைக்காரன் மொழியில் 'விசுவாசம்'. தீபாவளிக்கு ஒரு சட்டைத்துணி கொடுத்து அதைப் பாராட்டவும் செய்கிறீர்கள்.

உடைந்த கிளாசுக்கும், சொல்லாமல் ஓடிப்போன வாடிக்கையாளரின் பில்லுக்கும் சம்பளத்தில் கைவைக்கும் வரியைத் தயவுசெய்து கடிதத்தில் சேர்க்க வேண்டாம். எழுதாமலே செய்வதுதானே உங்கள் வழக்கம்.

இவ்வளவும் செய்துவிட்டு, "உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்கலை, வெளிநாட்டு ஆளுக்கு பெர்மிட் கொடுங்க" என்று அரசாங்கத்திடம் அழுகிறீர்கள். அந்தச் சோம்பேறிகள்தாம் இருட்டோடு எழுந்து, ஜொகூர் பாலத்தில் மோட்டார்சைக்கிள் புகையைக் குடித்துக்கொண்டு, சிங்கப்பூரில் தட்டுக் கழுவப் போகிறார்கள்.

சரி, கடிதம் தயார். வேலைக்கு வருகிறவனிடம் கையெழுத்து வாங்கி ஒரு பிரதியை அவன் கையில் கொடுங்கள். ஏன் முகம் சுளிக்கிறீர்கள்? தொழிலாளர் இலாகா அதிகாரி வந்தால் காட்ட உங்களிடம் ஒன்று, அவனிடம் ஒன்று. இரண்டும் ஒரே கடிதமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.