வெத்தல வாங்கிட்டு வா, வேலை இருக்கு

ஏ ஆத்தா, நர்ஸுக்குப் படிக்கப் போறியாம்ல? ஊரே பேசுது. சுவத்துல விளக்குப் பிடிச்ச அந்த வெள்ளைக்காரம்மா படத்தையும் ஒட்டிப்புட்ட. ரொம்பச் சந்தோசம். கோழி அறுத்தா கொல்லைப் பக்கம் ஓடுறவ நீயி, அதான் கேட்டேன்.

கோவிக்காத. அந்த நைட்டிங்கேல் அம்மாவ ஒன் பொஸ்தகத்துலயே எழுத்துக்கூட்டிப் பாத்தேன். பெரிய வீட்டுப் பொண்ணு. 1851ல செர்மனியில கைசர்ஸ்வெர்த்துங்கிற ஊருக்குப் போயி, மூணு மாசம் நோயாளிகளுக்கு ஊழியம் பாத்துப் பழகியிருக்கு. சண்டைக்களத்துக்குப் போனது அப்புறம் 1854ல. நீ என்னடான்னா நேரா படத்துல ஏறி நிக்கப் பாக்குற.

பி.எஸ்சி. நர்சிங் நாலு வருசமாம். ரெண்டாவது மாசமே 'நாத்தம் தாங்கலப்பா'ன்னு மூக்கச் சிந்திக்கிட்டு வந்து நின்னீன்னா, காலேஜுல வாங்கி வச்ச ஒரிஜினல் மார்க் சீட்ட மீட்க ஒங்கப்பன் மிச்சக் காட்டையும் எழுதிக் குடுக்கணும். கவுன்சிலிங் வர்ற வரைக்கும் போன நோண்டிக்கிட்டுத்தான கெடக்க?

இந்தா எங்காலு இருக்கு. சர்க்கரைப் புண்ணு. சுகாதார நிலையத்துச் சிஸ்டர் கட்டுப் பிரிக்கிறப்பக் கூட நில்லு. பஞ்சு ஒட்டிக்கிட்டு வராது. உப்புத் தண்ணி ஊத்தி ஊறவச்சு மெல்ல எடுக்கணும். அடியில மஞ்சளா இருக்கும், வாடை வரும். அப்ப ஒம் மூஞ்சி போற போக்க நான் பாக்கணும். எனக்கு வலிக்காது தாயி, பாதத்துல ஊக்கு குத்துனதே தெரியாமத் திரிஞ்சவ நான்.

அது தாங்கிட்டீன்னா, பெரியாஸ்பத்திரியில வாதத்துல படுத்திருக்கா பாரு என் தங்கச்சி, ஒன் சின்ன அப்பத்தா, அவளுக்கு ராத்துணைக்குப் போ. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காப் பெரட்டிப் படுக்க வைக்கணும், இல்லாட்டி முதுகுல புண்ணு வச்சிரும். பெட்பான் வைக்கணும், எடுக்கணும், கழுவணும். அதே கையச் சோப்புப் போட்டுட்டு இட்லி திங்கணும். பாதிப் பேரு இட்லியிலதான் தோக்குறாக.

நடுச்சாமத்துல அந்த வார்டுச் சிஸ்டரையும் பாரு. ஊசி போட்டதவிட எழுதுனதுதான் அதிகமா இருக்கும். நடுவுல எவனாவது 'ஏம்மா, கூப்டா வரமாட்டியா'ன்னு அதட்டுவான். அவ திருப்பி என்ன சொல்றா, என்ன முழுங்குறான்னு கவனி. அத எந்தப் பொஸ்தகத்துலயும் போடல.

ஒங்கம்மாகிட்டச் சொல்லாத. 'கெழவி எம்புள்ளய எடுபிடி வேலைக்கு இழுக்குறா'ம்பா. இழுக்கத்தான் செய்றேன். நாளைக்கு வர்றப்ப ரெண்டு வெத்தல வாங்கியா. பொகையிலைக்கு டாக்டர் திட்டுவாரு. சிஸ்டர் கண்ணுல படாமக் கொண்டாந்தீன்னா திட்டமாட்டாரு.