வெளுத்துப்போன தெய்வங்கள்

கேள்வி: கிரேக்க, ரோமானிய வரலாற்றுப் படநூல்களில் சிலைகள் எல்லாம் வெள்ளையாகவே இருப்பது ஏன்?

பதில்: கிரேக்கர் பளிங்குச் சிலைகளின் மேல் நிறமிகளை, அதாவது தாதுக்களை அரைத்தெடுத்த வண்ணப் பொடிகளைக் குழைத்துப் பூசினர். காலப்போக்கில் மழையும் மண்ணும் அழித்ததுபோக எஞ்சியதைப் பிற்காலத்தார் தேய்த்துக் கழுவிவிட, 1764இல் பண்டைக் கலை வரலாற்றை வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் விங்கெல்மான், உடல் வெண்மையாக இருக்குந்தோறும் அழகு கூடும் என்று எழுதி அந்த வெளுப்புக்கு இலக்கண அந்தஸ்தும் அளித்துவிட்டார். 1863இல் ரோமுக்கு அருகே பிரிமா போர்ட்டாவில் கிடைத்த ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் சிலையில் சிவப்பும் நீலமும் ஒட்டியிருந்தும், பேரரசரின் சாட்சியம் நெடுங்காலம் எடுபடவில்லை. அட்டையில் ‘முழுவதும் வண்ணப்படங்கள்’ என்று பெருமையோடு அச்சிடும் நூல்கள்கூட, உள்ளே ரோமானியத் தெய்வமான ஜூபிடருக்கு மட்டும் வண்ணம் தர மறுக்கின்றன.