வீட்டுச் சர்வரில் வேக மட்டுப்பாடு: மூவகை இறக்குவோரும் ஒரே வரிசையும்

வீட்டுச் சர்வர் என்பது டிவிக்குப் பின்னாலோ, பரணிலோ, ரவுட்டரை ஒட்டியோ இரவு பகலாக விழித்திருக்கும் ஒரு சிறு கணினி. அது பழைய லேப்டாப்பாக இருக்கலாம். ராஸ்பெரி பையாக இருக்கலாம். கடையில் வாங்கிய நாஸ் பெட்டியாகவும் இருக்கலாம். படம், பாட்டு, கல்யாண வீடியோ, ஸ்கேன் செய்த வீட்டுப் பத்திரம் ஆகியவை அதில் சேர்ந்திருக்கும். அவற்றை வெளியூரிலிருந்து எடுப்பவர் எந்த வேகத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் வரம்பு கட்டுவதே இங்கு ஆய்வுப் பொருள். வரம்பே இல்லாமல் விட்டால் என்ன என்பாரும் உளர். விட்டுப் பார்த்தவர்கள் அவ்வாறு கேட்பதில்லை.

இறக்குவோர் மூவகையினர்: கேட்டு இறக்குவோர், கேளாது இறக்குவோர், தாம் இறக்குவதையே அறியாதோர். முதல் வகையினர், "மாமா, அந்த ரிசப்ஷன் வீடியோவை எடுத்துக்கட்டுமா?" என்று போன் செய்துவிட்டுத் தொடங்குவர், இவ்வினம் அருகி வருகிறது. இரண்டாம் வகையினரிடம் என்றோ ஒரு நாள் அவசரத்துக்குக் கொடுத்த பாஸ்வேர்டு இருக்கும். மூன்றாம் வகையில் பெரும்பாலும் மனிதர்களே இல்லை. பெங்களூரில் இருக்கும் அண்ணன் ஒரு ஃபோல்டரை 'சிங்க்' செய்யச் சொல்லிவிட்டு மறந்துபோன பின்னும், மறக்காமல் அதைச் செய்துகொண்டிருக்கும் அவருடைய லேப்டாப் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. மட்டுப்பாடு முதன்மையாக இம்மூன்றாம் வகைக்கே ஏற்பட்டது. என்னை? முதல் இருவரையும் திட்டலாம்.

நான்காவதாக, இறக்கவே முடியாதோர் என ஒரு வகையும் உண்டு. இந்தியாவில் பல வீட்டு இணைப்புகளுக்குத் தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை. நிறுவனம் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியில் ஓர் உள்முகவரியைத் தருகிறது. இத்தொகுதி 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. தனி ஏற்பாடு ஏதும் செய்யாதவரை இவ்வீடுகளின் சர்வரை வெளியிலிருந்து யாரும் நெருங்க முடியாது. அறியப்பட்ட மட்டுப்பாடுகளுள் முழுமையானது இதுவே. வீட்டுக்காரர் செய்ய வேண்டியது எதுவுமில்லை என்பதால் இவ்வகை இத்துடன் விடப்படுகிறது.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் வேகம் வீட்டுக்குள் வருவதற்கு உரியது. விருந்தினர் இறக்கும் கோப்போ வீட்டிலிருந்து வெளியே போவது. ஏ.டி.எஸ்.எல். காலத்தில் உள்ளே 8 மெகாபிட் வந்த இடத்தில் வெளியே போக ஏறத்தாழ 1 மெகாபிட்தான் இருந்தது. ஃபைபர் வந்த பிறகு நிலைமை தேறியிருக்கிறது. ஆயினும் எல்லாத் திட்டங்களிலும் இரு திசைக்கும் ஒரே வேகம் என்று கொள்வது துணிச்சல். வெளிவேகம் 40 மெகாபிட் உள்ள வீடு ஒன்றைக் கொள்வோம். 20 ஜிபி கல்யாண வீடியோ வினாடிக்கு 5 எம்பி வீதம் வெளியேறினால் 4000 வினாடி, அதாவது ஒரு மணி ஏழு நிமிடம் ஆகும்.

அந்த ஒரு மணி ஏழு நிமிடத்தில் வீட்டில் நிகழ்வதே இத்துறையின் மையப் புதிர். நிரம்புவது வெளியே போகும் வழி. கெடுவதோ உள்ளே வருவதும் சேர்ந்து. காரணம் எளிது. டி.சி.பி. முறையில் உள்ளே வரும் தரவுக்கெல்லாம் 'வந்து சேர்ந்தது' என்று ஒரு சிறு சீட்டு திரும்பிப் போக வேண்டும். 1500 பைட் எடையுள்ள கல்யாணப் பொதிகள் ரவுட்டர் வாசலில் வரிசை கட்டி நிற்க, 40 பைட் சீட்டு அவற்றின் பின்னால் போய் நிற்கிறது. வரிசையில் 1 எம்பி தேங்கினால், 40 மெகாபிட் இணைப்பில் கடைசியில் நிற்பவர் 200 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும்; 1 மெகாபிட் இணைப்பில் அதுவே 8 வினாடி. குரல் உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இதைக் கடந்த வீட்டை அடையாளம் காண்பது எளிது. பாட்டி "கேக்குதாப்பா?" என்பார். பேரன் "கேக்குது பாட்டி" என்பான். அது வந்து சேர்வதற்குள் பாட்டி மறுபடி "கேக்குதா?" என்பார். அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, ஒரே நேரத்தில் "நீங்க சொல்லுங்க", "நீ சொல்லு" என்பர்.

இதில் வீடு மட்டும் தலைகுனிய வேண்டியதில்லை. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலிருந்த கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், இணைப்பின் வேகம் வினாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட நெரிசல் தவிர்ப்பு முறைதான் இன்றைய டி.சி.பி.க்கு அடிப்படை. பொதி தொலைந்தால் நெரிசல் என்று உணர்ந்து அனுப்புவோர் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். பின்னர் நினைவகம் மலிந்தது; ரவுட்டர் செய்வோர் ஒரு பொதியும் தொலையக் கூடாது என்று பெரிய பெரிய காத்திருப்பு இடங்களை வைத்தனர். பொதி தொலையவில்லை, ஆகவே அனுப்புவோர் அடங்கவும் இல்லை. 2010-இல் ஜிம் கெட்டிஸ் தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போது கண்டு, 'பஃபர்புளோட்' என்று பெயர் சூட்டியது இதைத்தான். வீட்டுச் சர்வர் வைத்திருப்போர் அனைவரும் அறிந்திருந்த நோய்க்கு அன்றுதான் பெயர் கிடைத்தது.

இனி மருந்து. வரிசை எங்கே நிற்கிறதோ அங்கே இருப்பவனுக்கே அதிகாரம். வரிசை நிறுவனத்தின் மோடத்தில் நின்றால் வீட்டுக்காரர் வேடிக்கை பார்க்கலாம். எனவே இணைப்பின் உண்மையான வேகத்தைவிடச் சற்றே குறைவாக, பத்தில் ஒரு பங்கு விட்டு, தம் சர்வரிலோ ரவுட்டரிலோ அவரே வரம்பு கட்ட வேண்டும். 40-க்கு 36. அப்போது வழி முழுவதிலும் மிக மெதுவான இடம் அவருடையதாகிறது. வரிசை அங்கே வந்துவிடுகிறது. சீட்டையும் பாட்டியையும் முன்னால் விட அவரால் முடிகிறது. 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் தந்த 'கோடெல்' முறை வரிசை நீளாமல் தானாகவே பார்த்துக்கொள்ளும்: 5 மில்லிவினாடிக்கு மேல் காத்திருப்பு தொடர்ந்து நீடித்தால் பொதிகளைத் தூக்கி எறியத் தொடங்கும். கேட்க முரடாகத் தோன்றினும், அனுப்புவோருக்குப் புரியும் மொழி அது ஒன்றே.

வரம்பு கட்டும் பொறிமுறைக்கு டோக்கன் வாளி என்று பெயர். பொங்கல் பரிசுக்கு ரேஷன் கடையில் நடப்பதுபோல, டோக்கன் இல்லாத பொதி நகராது. டோக்கன்கள் சீரான வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும். யாரும் வராதபோது விழுந்தவை வாளி நிறையும்வரை சேரும். அதனால்தான் இறக்கம் தொடங்கும்போது பறந்து, சில நொடியில் தவழ்கிறது. "முதல்ல நல்லாத்தான் வந்துச்சு" என்று விருந்தினர் சொல்வது புகார் அன்று, வாளியின் அளவு பற்றிய துல்லியமான குறிப்பு.

கருவிகளுள் ஒற்றுமை இல்லை. ஆர்சிங்க்கில் வரம்பு எண் கிலோபைட்டைக் குறிக்கும், எஸ்.சி.பி.யில் கிலோபிட்டை, வி.எஸ்.எஃப்.டி.பி.டி.யில் வெறும் பைட்டை. மூன்றிலும் 1000 என்று எழுதி 700 எம்பி படம் ஒன்றை அனுப்பினால், முதலாவதில் 11 நிமிடத்திலும், இரண்டாவதில் ஒன்றரை மணி நேரத்திலும், மூன்றாவதில் எட்டு நாளிலும் போய்ச் சேரும். மூன்றாவதைக் கருமித்தனம் என்று உறவினர் கருதுவது இயல்பு. அலகுப் பிழை என்று விளக்கினால் நம்புவார் இலர்.

என்ஜின்எக்ஸில் வேறொரு நுட்பம் உண்டு. அதன் வரம்பு ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி. டவுன்லோடு மேனேஜர் வைத்திருக்கும் மைத்துனர் எட்டு இணைப்பு திறந்தால் எட்டு மடங்கு பெறுவார். ஆளுக்கு எத்தனை இணைப்பு என்றும் சேர்த்தே வரம்பு கட்டாதவர் ஒழுங்கானவர்களை மட்டும் தண்டிக்கிறார். 'வொண்டர்ஷேப்பர்' போன்றவையோ நெட்வொர்க் கார்டு முழுவதையும் அடக்கும். வெளியூர் அண்ணனுக்குப் போட்ட 8 மெகாபிட், அதே கார்டு வழியாக ஹாலில் படம் பார்க்கும் அப்பாவின் டிவிக்கும் பொருந்தி, சண்டைக் காட்சி நடுவே வட்டம் சுற்றும். 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரிகளுக்கு விலக்கு தருவது சட்டப்படி அன்றாயினும் குடும்பப்படி கட்டாயம்.

வரம்பை இறக்குவோர் பக்கமே விடலாம் என்பது ஒரு சாரார் கொள்கை. வீகெட் இதற்கு இடம் தருகிறது: கொஞ்சம் வாங்கி, கொஞ்சம் தூங்கி, மீண்டும் வாங்கும். முறையாக வேலை செய்யும். விருந்தினர் தாமாக முன்வந்து அந்த எண்ணை இட வேண்டும் என்பதே குறை. காலத்தை வைத்து வரம்பு கட்டலாம் என்பது மற்றொரு சாரார் கொள்கை. டிரான்ஸ்மிஷன் மென்பொருளில் மெதுவேகத்துக்கு ஆமைச் சின்னம் உண்டு. நேர அட்டவணையை இயக்கினால் ஆமை காலை 9-க்கு வந்து மாலை 5-க்குக் கிளம்பும். அலுவலகத்துக்கு ஏற்ற நேரம். பிள்ளைகளும் சீரியலும் வீடியோ காலும் ஒருசேர வீடு திரும்பும் இரவு 7 மணிக்கு ஆமை பணியில் இல்லை. அட்டவணையைத் தலைகீழாக்குவது நன்று.

சோதிக்கும் முறை: ஒருவர் வெளியிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை இறக்க, வீட்டிலிருப்பவர் பிங் ஓட்டிப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது 10 மில்லிவினாடி காட்டியது 20-க்குள் நின்றால் வரம்பு சரி. 200-ஐத் தொட்டால் 36-ஐ 34 ஆக்கி மறுபடி பார்க்க வேண்டும். அனைவரும் உறங்கியபின் வரம்பை நீக்க கிரானில் ஒரு வரி போதும். விடிகாலையில் திரும்பப் போட இன்னொரு வரி வேண்டும். முதல் வரியை எழுதியதும் தூக்கம் வந்துவிடும் என்பதால், இரண்டாவதை முதலில் எழுதுவதே வழக்கம்.