சீலிங்குக்கு மேலே ஒரு விவசாயம்

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 பாதையில் அக்குறணையைத் தாண்டினால் அலவத்துகொட. இங்கே வீடு வைத்திருப்பவன் பங்குனி வெயிலுக்கும் பயப்பட வேண்டும், ஐப்பசி மழைக்கும் பயப்பட வேண்டும். நான் வெயிலுக்கு மட்டும் பயந்தேன். அஸ்பெஸ்டஸ் கூரையின் சூடு உச்சந்தலையில் இறங்குகிறதே என்று சீலிங்குக்கு மேலே கண்ணாடிப் பஞ்சு விரித்தேன். "இதுல பூஞ்சணம் பிடிக்காது சேர்" என்றார் கடைக்காரர். பொய்யில்லை. கண்ணாடி இழையில் பூஞ்சணத்துக்குத் தின்ன ஒன்றுமில்லை. ஆனால் பஞ்சில் ஒட்டியிருந்த கடதாசியும், அதன்மேல் படியும் தூசியும், கீழே தாங்கும் மரச்சட்டமும் அதற்கு விருந்து. அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதலில் வந்தது மணம். எலி செத்துக் கிடக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி அலுமாரிகளையெல்லாம் இழுத்துப் போட்டேன். எலி இல்லை. அடுத்துக் கருவாட்டைச் சந்தேகித்தேன். மனைவி கருவாட்டு டின்னைத் திறந்து என் மூக்குக்குக் கீழே பிடித்து, "இந்த மணமா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். இல்லை. "அப்ப மேல பாருங்க." சீலிங் மூலையில் சாம்பலும் கறுப்புமாகப் புள்ளிகள்.

புத்தியுள்ளவன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவான். நான் பெயின்ட் வாளியைத் தேடினேன். மாமியார் வரப்போகிறார், அதற்குள் மறைக்க வேண்டும். இரண்டு பூச்சு அடித்தேன். அவர் ஊருக்குத் திரும்புவதற்கு முன்பே புள்ளிகள் பெயின்டைத் துளைத்து வெளியே வந்துவிட்டன. அண்ணாந்து பார்த்தவர், "என்னங்க மாப்பிள்ள, புது டிசைனா?" என்றார்.

பிறகு பிளீச்சிங். தெளித்த மறுநாள் சீலிங் வெள்ளை வெளேர். வீட்டாரைக் கூட்டிக் காட்டினேன். அதோடு விட்டிருக்கலாம், எதிர்வீட்டுக்காரருக்கும் செய்முறை சொல்லிக் கொடுத்தேன். குளோரின் மேலே தெரியும் கறுப்பை வெளுக்கிறது. அதோடு சேர்ந்த தண்ணீரோ பலகைக்குள் ஊறி, உள்ளே ஓடியிருக்கும் பூஞ்சண இழைகளுக்குப் போய்ச் சேர்கிறது. கிருமியை ஒழிக்கிறேன் என்று தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறேன். நனைந்த பொருளை 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காயவைத்துவிடு, வீட்டு ஈரப்பதனை 60 சதவீதத்துக்குக் கீழே வை என்பது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் அறிவுரை. பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைகளுக்குள் வெள்ளம் ஏறுகிற மாதத்தில், அலவத்துகொடயில் உடுத்திய சாரமே காய்வதில்லை.

கடைசியில் கூரைதான் ஒழுகுகிறது என்று முடிவுகட்டி, கம்பி பிரஷோடு ஏறி அஸ்பெஸ்டஸ் சீட்டின் பாசியைச் சுரண்டத் தொடங்கினேன். சுரண்டினால் நார் தூசியாகப் பறக்கும், மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். அது தெரியாதவனல்ல நான். நீல அஸ்பெஸ்டஸை 1987இலேயே இலங்கை தடைசெய்தது. வெள்ளைக்கும் கட்டுப்பாடு வரவிருந்த நேரத்தில், 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு கிடந்தது என்று ரஷ்யா நம் தேயிலையை நிறுத்த, அந்தக் கட்டுப்பாடு கைவிடப்பட்டது. இந்தக் கதையைத் தேநீர்க்கடையில் பலருக்கு விளக்கியவன் நான். அதே வாயோடுதான், துணிகூடக் கட்டாமல், சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"சேர், கொஞ்சம் எறங்குங்க" என்று கீழிருந்து குரல். முந்தைய மழைக்குக் கூரை பார்த்த பாஸ். வேலை சரியில்லை என்று அவரைத் திட்டுவதற்காக நானே வரச்சொல்லியிருந்தேன். அவர் என்னோடு வாதாடவில்லை. பாத்ரூமுக்குப் பக்கத்துச் சீலிங் பலகையைக் கழற்றி டோர்ச் அடித்தார். பஞ்சு கறுத்துத் தொங்கியது. பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அதற்குச் சற்றுத் தள்ளி, பாத்ரூம் காற்றாடியின் குழாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சீட் ஓரிடத்திலும் ஒழுகவில்லை.

"இந்த வேல யாரு செஞ்சது சேர்?"

வீட்டில் எல்லோரும் குளிக்கும் சுடுதண்ணீர் ஆவியைக் காலையும் மாலையும் கூரைக்குள் அனுப்பிக்கொண்டிருந்த அந்தக் காற்றாடியைப் பூட்டியவன் நான்தான். குழாயைச் சுவருக்கு வெளியே கொண்டுபோகச் சுவரை உடைக்க வேண்டும். சோம்பலில் சீலிங்குக்குள்ளேயே விட்டுவிட்டேன். அதைச் சொல்லாமல், "முந்தி வந்த பாஸ் ஒருத்தர்" என்றேன். மனைவி பிளேன்டீயோடு வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

நனைந்த பஞ்சை உறையில் கட்டி இறக்கினோம். பலகைகளை மாற்றியாகிவிட்டது. குழாயும் இப்போது சுவரைத் துளைத்து வெளியே போகிறது. அதன் வாய் பக்கத்து வீட்டு அக்காவின் உடுப்புக் கொடிக்கு நேரே இருப்பதைப் பற்றிப் பேச அவர் இரண்டு தடவை வந்து போயிருக்கிறாராம். நான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.