தெருவுக்குத் தெரிந்த உண்மை

1994 நவம்பரில் திருவனந்தபுரம் கரமனை அக்கிரகாரத்துத் திண்ணைகளில் ராக்கெட்டுக்கான க்ரையோஜெனிக் இன்ஜினைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. அது எப்படி இருக்கும், எதற்கு உதவும் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அதன் வரைபடங்களை இரண்டு மாலத்தீவுப் பெண்கள் மூலமாக வெளிநாட்டுக்கு விற்றுவிட்டார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. துலாவர்ஷ மழை ஓயாத மாதம் அது. மழை கொஞ்சம் விட்டதும் கோயிலுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் ஏதாவது ஒரு திண்ணையருகே நிற்பார்கள். காலைப் பத்திரிகை மாலைக்குள் நாலு வீடு மாறியிருக்கும்.

"தீயில்லாம பொகையுமோ?" என்பார் செக்ரடேரியட்டிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமா. "போலீஸ் சும்மா ஒருத்தனைப் பிடிக்குமோ? அதுவும் இவ்வளவு பெரிய ஆளை!"

அந்தப் பெரிய ஆள் நம்பி நாராயணன். இஸ்ரோவில் க்ரையோஜெனிக் திட்டத்தின் இயக்குநர். நாகர்கோவில்காரர். நாகர்கோவில் பஸ் கரமனைப் பாலத்தைக் கடந்துதான் நகருக்குள் வரவேண்டும். தமிழ் பேசுகிறவர்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் எங்கள் தெருவுக்கு, குற்றம் சாட்டப்பட்டவர் தமிழர் என்பது கூடுதல் சங்கடம். வெளியே யாராவது 'பாண்டி' என்று இகழ்ந்துவிடுவார்களோ என்ற பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு. அந்தப் பயத்தாலேயே எங்கள் தெரு அவரை மற்றவர்களைவிடச் சத்தமாகத் திட்டியது. சிறுபான்மையாக வாழ்கிறவர்கள் தங்கள் விசுவாசத்தைக் காட்டிக்கொள்ளும் விதங்களில் இதுவும் ஒன்று. அப்போது நான் கல்லூரி மாணவன். அன்று கேட்ட பேச்சுகளில் பல இன்னும் அப்படியே நினைவில் இருக்கின்றன.

தெரு சொன்னதில் பொய் எது? துண்டு துண்டாகப் பார்த்தால் அதிகம் இல்லை. மாலத்தீவைச் சேர்ந்த மரியம் ரஷீதா விசா காலம் முடிந்த பிறகும் திருவனந்தபுரத்தில் தங்கியிருந்தார். அதற்காக அக்டோபர் 20ஆம் தேதி வஞ்சியூர் காவல் நிலையத்தில் வழக்கு பதிவாயிற்று. அவர் தங்கிய ஹோட்டலிலிருந்து இஸ்ரோ விஞ்ஞானி சசிகுமாரன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். பெங்களூர்க்காரரான சந்திரசேகர் ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தின் பிரதிநிதி. அதே நிறுவனத்திடம்தான் இந்தியா க்ரையோஜெனிக் இன்ஜின் வாங்குவதாக இருந்தது. நம்பி நாராயணன் அந்த நவம்பர் தொடக்கத்தில் விருப்ப ஓய்வு கேட்டு விண்ணப்பித்திருந்தார். இவ்வளவும் உண்மைதான். ஒன்றோடொன்று கோத்தது மட்டும்தான் கற்பனை. நவம்பர் 13ஆம் தேதி அரசாங்க ரகசியச் சட்டத்தின் கீழ் இரண்டாவது வழக்கு வந்ததும் அந்தக் கற்பனைக்கு அரசு முத்திரையும் கிடைத்துவிட்டது. நவம்பர் 30ஆம் தேதி நம்பி நாராயணன் கைதானார்.

ஒவ்வொரு துண்டுக்கும் சாதாரணமான விளக்கம் இருந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் சூரத்தில் பிளேக் பரவியது. அந்தப் பீதியில் மாலே போகும் விமானம் ரத்தானதால்தான் மரியம் ரஷீதா மாட்டிக்கொண்டார். உடன் கைதான பௌசியா ஹசன் தன் மகளின் படிப்புக்காக பெங்களூருக்கு வந்துபோனவர். இதையெல்லாம் விசாரிக்க ஒரு வாரம் போதும். ஆனால் பிளேக்கும் பள்ளிக்கூட அட்மிஷனும் திண்ணைக்குச் சுவாரசியம் தராது. அழகான பெண், ராக்கெட், டாலர், பாகிஸ்தான் என்று கோத்த கதை தினமும் ஒரு தவணையாக வந்துகொண்டிருந்தது. தெருவில் பலர் அந்தப் பெண்களின் பெயரைச் சொன்ன தொனியை இங்கே எழுத என் கை கூசுகிறது.

எங்கள் தெருவில் விண்வெளி மையத்தில் வேலை பார்த்த ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். தினமும் காலையில் கரமனை ஜங்ஷனில் இஸ்ரோ பஸ்ஸுக்காக நிற்பார். முன்பெல்லாம் அந்த பஸ் வந்து நின்றால் தெருவுக்கே பெருமை. அந்த விருச்சிக மாதம் அவர் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சாஸ்தா ப்ரீதிக்கு வருஷா வருஷம் பந்தியில் பரிமாற முன்னால் நிற்பவர் அவர். அந்த வருஷம் அவர் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவரும் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் பரிமாறினார். கை கழுவும் இடத்தில் அந்த மாமா மட்டும் மெல்லக் கேட்டார்: "ஏண்டா, நெஜம்மா வித்துட்டாளா?"

"இல்லாத சாமானை எப்படி மாமா விக்கறது?" என்றார் அவர்.

முழு வழக்கும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருந்தது. யாரும் அதை மேலே யோசிக்கவில்லை. 1991இல் கிளாவ்காஸ்மாஸுடன் இந்தியா ஒப்பந்தம் போட்டது இன்ஜினோடு அதன் தொழில்நுட்பத்தையும் பெறுவதற்காக. 1992 மே மாதம் அமெரிக்கா இரண்டு தரப்பின் மீதும் தடை விதித்தது. 1993இல் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர முடியாதென்று பின்வாங்கி, இன்ஜின்களை மட்டும் தருவதாகச் சொன்னது. ஆக 1994இல் நம் கையில் க்ரையோஜெனிக் தொழில்நுட்பமே இல்லை. இந்தியாவிலேயே செய்த க்ரையோஜெனிக் இன்ஜின் ஒரு ராக்கெட்டை வெற்றிகரமாகக் கொண்டுபோனது 2014 ஜனவரி 5ஆம் தேதி. இருபது வருஷம் கழித்து நமக்குக் கிட்டப்போகிற ஒன்றை 1994இல் யார் யாருக்கு விற்க முடியும்? வரைபடம் கிடைத்தாலும், அதற்கான உலோகம், வார்ப்பு, பற்றவைப்பு, மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனைக் கையாளும் அனுபவம் எதுவும் இல்லாமல் அதை வைத்துக்கொண்டு யாரும் இன்ஜின் செய்துவிட முடியாது. திருவனந்தபுரத்தில் இதை அறிந்த பொறியாளர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். பத்திரிகைகள் அவர்களைக் கேட்டிருக்கலாம்.

"வாக்குமூலம் குடுத்துட்டானாம்" என்பதுதான் திண்ணையின் கடைசி ஆயுதம். அந்த வாக்குமூலங்கள் எப்படி வாங்கப்பட்டன என்பது பின்னால் வெளிவந்தது. நின்ற நிலையிலேயே, தூக்கமில்லாமல், அடி உதையோடு நடந்த விசாரணையைப் பற்றி நம்பி நாராயணன் எழுதியிருக்கிறார். அவர் சிறையில் இருந்தது 50 நாள். டிசம்பர் தொடக்கத்தில் சி.பி.ஐ. வழக்கை எடுத்துக்கொண்டது. சொன்ன இடம், சொன்ன தேதி, சொன்ன ஆள் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தது. நடந்ததாகச் சொல்லப்பட்ட சந்திப்புகள் நடக்கவில்லை. கைமாறியதாகச் சொல்லப்பட்ட பணம் இல்லை. இதற்கிடையில் 1995 மார்ச்சில் கருணாகரன் கேரள முதலமைச்சர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. கட்சிக்குள் அவருக்கிருந்த எதிரிகளுக்கு இந்த வழக்கு நல்ல கருவியாயிற்று. நிரூபிக்கப்படாத ஒரு கதை ஒரு மந்திரிசபையையே அசைத்துவிட்டது.

வழக்கில் உண்மையில்லை என்ற சி.பி.ஐ. அறிக்கையை 1996 மே 2ஆம் தேதி எரணாகுளம் நீதிமன்றம் ஏற்றது. கேரளம் வாக்களித்துவிட்டுத் தேர்தல் முடிவுக்காகக் காத்திருந்த நேரம். எங்கள் திண்ணைகளில் அந்தச் செய்தி ஒரு நாள்கூடப் பேசப்படவில்லை. புதிய அரசு மறுபடியும் விசாரிக்க உத்தரவு போட்டபோதுதான் "பார்த்தியா, என்னமோ இருக்கு" என்று மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். 1998 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதுவும் தெருவுக்கு எட்டவில்லை. குற்றச்சாட்டு தினமும் வந்தது. மறுப்பு ஒரே ஒருநாள் வந்தது. இந்தக் கணக்கை நான் வாழ்நாளில் வேறு பல விஷயங்களிலும் பார்த்துவிட்டேன். மாமா இறக்கும்வரை நம்பி நாராயணனைக் குற்றவாளி என்றே நம்பினார். நல்ல மனிதர். தெருவில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். நல்லவர்களும் படித்தவர்களும் சேர்ந்துதான் அந்தக் கதையைச் சுமந்தார்கள்.

2018 செப்டம்பர் 14ஆம் தேதி, அந்தக் கைது தேவையே இல்லாதது என்று கூறி நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த வருஷம் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. 2020இல் மாநில அரசு மேலும் 1 கோடியே 30 லட்சம் ரூபாய் கொடுத்தது. 2022 ஜூலையில் அவரைப் பற்றி மாதவன் எழுதி இயக்கி நடித்த 'ராக்கெட்ரி' படம் வந்தது. அன்று திண்ணையில் இருந்தவர்களின் பிள்ளைகள் குடும்பத்தோடு போய்ப் பார்த்தார்கள். சிலர் அழுதுகொண்டே வந்தார்கள். "நம்பி சார் நம்ம ஊர்க்காரராக்கும்" என்று இப்போது கரமனையில் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கும் அது மகிழ்ச்சிதான். அவருக்குக் கிடைக்கும் ஒவ்வொரு கைதட்டலும் நாம் அவருக்குப் பட்டிருக்கும் கடன்.

ஆனால் இன்றைய பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும்போது எனக்குப் பழைய கவலை திரும்புகிறது. "எல்லாம் சி.ஐ.ஏ. சதி, இல்லேன்னா நாம எப்பவோ சந்திரனுக்குப் போயிருப்போம்" என்கிறார் ஒருவர். எப்படித் தெரியும் என்றால், "படத்துல வந்துதே" என்கிறார். வாட்ஸப்பிலும் வந்ததாம். 1992 அமெரிக்கத் தடை உண்மை. அதன் பின் 1994 வழக்கு உண்மை. இரண்டையும் கோத்தால் சதி தெரிகிறது. கோக்கும் முறை அன்று போலவேதான் இருக்கிறது. அந்தச் சதி எந்த நீதிமன்றத்திலும் இதுவரை நிரூபணமாகவில்லை. படம் வந்த அடுத்த மாதமே, ஆகஸ்ட் 2022இல், திருவனந்தபுரத்தில் இஸ்ரோவின் முன்னாள் விஞ்ஞானிகள் சிலர் பத்திரிகையாளர்களைக் கூட்டினார்கள். நம்பி நாராயணன் பணிபுரிந்த திரவ உந்துவிசை மையத்தின் முன்னாள் இயக்குநர் முத்துநாயகம் அதில் இருந்தார். படத்திலும் பேட்டிகளிலும் வரும் தொழில்நுட்ப உரிமைகோரல்களில் பெரும்பகுதி சரியல்ல என்றார்கள். அவர்களில் ஒருவர் சசிகுமாரன். அதே வழக்கில் அதே போல் கைதாகி அவதிப்பட்டவர். எங்கள் தெருவில் இதைச் சொன்னால், "பொறாமை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

பொறாமையாகவும் இருக்கலாம், சரியாகவும் இருக்கலாம். நம்பி நாராயணன் குற்றமற்றவர் என்பது ஒரு விஷயம். அது விசாரித்து நிறுவப்பட்டது. எந்த இன்ஜினில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது வேறு விஷயம். அதை ஆவணங்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றை நிரூபித்ததால் மற்றது நிரூபணமாகிவிடாது. அநியாயம் இழைக்கப்பட்டவர் சொல்வதெல்லாம் உண்மை என்று ஏற்பது அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறோம். அப்படி ஏற்காமல், அவர் சொல்வதையும் சரிபார்ப்பதே அவர் பட்ட பாட்டுக்குச் செய்யும் மரியாதை.

இதே அளவுகோலை அன்று அந்த வழக்கை விசாரித்த அதிகாரிகளுக்கும் பயன்படுத்த வேண்டும். 2024இல் சி.பி.ஐ. ஐந்து முன்னாள் அதிகாரிகள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. விசா விஷயமாகப் போன மரியம் ரஷீதா ஓர் அதிகாரியின் ஆசைக்கு இணங்க மறுத்ததுதான் இத்தனைக்கும் தொடக்கம் என்பது அதிலுள்ள குற்றச்சாட்டு. படித்ததும் எனக்கு அதுதான் நடந்திருக்கும் என்று தோன்றியது. தோன்றுகிறது என்பதாலேயே நான் அதை உண்மை என்று சொல்ல மாட்டேன். நீதிமன்றம் சொல்லட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்க ஒன்றுமில்லை. வழக்கில் உண்மையில்லை என்று சி.பி.ஐ. 1996இல் சொன்னது கைதான ஆறு பேருக்கும் பொருந்தும். பெங்களூர் சந்திரசேகர், 2018 தீர்ப்பு வந்தபோது மருத்துவமனையில் நினைவிழந்து கிடந்தார். இரண்டு நாளில் இறந்துவிட்டார். மரியம் ரஷீதாவும் பௌசியா ஹசனும் அந்நிய நாட்டுச் சிறையில் மூன்று வருஷத்துக்கு மேல் கழித்தார்கள். பௌசியா ஊர் திரும்பி மாலத்தீவுப் படங்களில் நடித்தார். 2022 ஆகஸ்ட் 31ஆம் தேதி கொழும்பில் காலமானார். எங்கள் தெருவில் அந்தச் செய்தியை யாரும் பேசிக் கேட்கவில்லை. நம்பி நாராயணனைத் தோளில் தூக்குகிற நாம் இந்தப் பெண்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. மாநில அரசும் மத்திய அரசும் மரியம் ரஷீதாவிடமும் பௌசியாவின் குடும்பத்திடமும் எழுத்தில் மன்னிப்புக் கேட்டு இழப்பீடு தரவேண்டும். அந்தக் கோரிக்கை கரமனையிலிருந்தே எழட்டும். அன்று அவர்களுடைய பெயரை அதிகம் உச்சரித்தவர்கள் நாம்தான்.