கீழே சின்னதா அப்புச்சி

சித்தெ உக்காரு சாமி. பேக்கரிக்காரனை ஒரு கை பாத்துப்போட்டு வர்றேன்னு வண்டிச் சாவியை எடுத்தியே, அதை மேசை மேல வை. ஊடு நெறைய ஒறம்பரை உக்காந்திருக்குது. பாப்பா கேக்கு மேல கை வைக்க மூணு தடவை எகிறிப்போட்டா. நீ அங்க போயி நாயம் பேசி முடிக்கறதுக்குள்ள அவளுக்கு ரெண்டாவது பொறந்தநாளே வந்துரும்.

அப்படி என்ன குடி முழுகிப் போச்சு? ஒரு கிலோ வட்டக் கேக்கு. சுத்தியும் ரோசாப்பூ. நடுவுல அழகா எழுதியிருக்குது: "பிறந்தநாள் வாழ்த்துகள் யாழினி கீழே சின்னதா அப்புச்சி அம்மாயி."

ழகரம் தப்பலை, புள்ளி விடலை. என்ற 78 வயசுல என்னைய இவ்வளவு சரியா எவனும் எழுதினதில்லை. கீழே, சின்னதா, அப்புச்சி. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த ஊட்டுல என்ற எடம் அதுதான். உன்ற அம்மாயியைக் கேளு. கூட அவளையும் சின்னதாக்கிப் போட்டாங்கறதுதான் அவளுக்கு வருத்தம்.

இப்ப நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. கேக்குக்கு ஆருப்பா சொன்னது? நீதான். எப்படிச் சொன்னே? போன்ல. அதுவும் வாயால சொல்லலை; பைக்குல உக்காந்துக்கிட்டே ஒரு விரல்ல தட்டி அனுப்பினே. எங்க, அதைக் காட்டு. பாத்தியா? தமிழை இங்கிலீசு எழுத்துல அடிச்சிருக்கறே. வாழ்த்து, பேரு, "கீழே சின்னதா" எல்லாம் ஒரே வரி. நடுவுல ஒரு கமா இல்லை, ஒரு முற்றுப்புள்ளி இல்லை. ரயிலுப் பெட்டியாட்ட கோத்து உட்டிருக்கறே.

அதைக் கல்லாவுல இருக்கற புள்ளை படிச்சா. அந்த நேரத்துல அவளுக்கு முன்னால நாலு பேரு பப்ஸு கேட்டு நிக்கறாங்க, ரெண்டு பேரு பாக்கிச் சில்லறை கேக்கறாங்க. இருந்தும் அத்தனையையும் நல்ல தமிழ்ல ஒரு துண்டுச் சீட்டுல எழுதி உள்ள கொடுத்தா. உள்ள இருக்கற மாஸ்டர் ஒரிசாப் பையன். அவனுக்குத் தமிழ் பேசவே இப்பத்தான் வருது, படிக்கத் தெரியாது. உன்ற அம்மாயி புள்ளிக் கோலத்தைப் பாத்துப் போடறாளே, அதாட்ட சீட்டைப் பாத்துச் சுழி சுழியா வரைஞ்சுபோட்டான். அவனுக்கு "யாழினி"யும் ஒரு கோலம், "கீழே சின்னதா"வும் ஒரு கோலம். எது வாழ்த்து, எது தாக்கல்னு கோலத்துல எழுதியா இருக்குது?

தமிழ் படிச்ச நீ இங்கிலீசுல எழுதி அனுப்பினே. தமிழ் படிக்காத அவன் தமிழ்லயே எழுதிக் கொடுத்தான். இப்பச் சொல்லு, வண்டியை எடுத்துக்கிட்டு ஆரு ஊட்டுக்குப் போயி சண்டை போடலாம்?

போன வாரம் பன்னு வாங்கப் போனப்ப அவன் எழுதறதை நின்னு பாத்தேன். பட்டர் பேப்பரைக் கூம்பாச் சுருட்டி, க்ரீமை அடைச்சு, மேல மடிச்சு, நுனியைக் கத்திரியில ஒரு நெல்லு மொனை அளவுக்கு வெட்டறான். அப்பறம் மூச்சைப் புடிச்சுக்கிட்டு ஒரே இழுப்பு. அழுத்தம் கொஞ்சம் எச்சாப் போனா எழுத்து மண்புழுவாட்ட ஊதிப் போவுது. கொறைஞ்சா நூலு அறுந்துருது. பலகையில எழுதினா துடைக்கலாம், நோட்டுல எழுதினா அடிக்கலாம். இதுல தப்பினா தட்டைக் கத்தியில வழிச்சு எடுத்து, மறுபடி பூசி, மறுபடி ஆரம்பிக்கோணும். வழிச்ச எடத்துல பழைய கலரு தடவின மாதிரி நிக்கும். நம்ம சுண்ணாம்புச் செவுத்துல பழைய தேர்தல் சின்னம் தெரியறாப்புல.

எடமும் எவ்வளவு? ஒரு கிலோ வட்டக் கேக்கு ஒரு சாணு கூட வராது. அதுல சுத்தியும் பூவு. மீதி உள்ளங்கை அகலத்துல உன்ற பாசத்தை எல்லாம் கொட்டச் சொல்றே. அதுனாலதான் பாதி கேக்குல "பிறந்தநாள்" யானையாட்ட இருக்குது, "வாழ்த்துகள்" கடைசியில எறும்பாட்ட மோட்டு விளிம்புல ஏறித் தொங்குது. நான் படிச்ச காலத்துல 'லை', 'ணை', 'னை' எல்லாம் தும்பிக்கை வெச்ச எழுத்து. 1978ல கவர்மெண்டு அந்தத் தும்பிக்கையை எடுத்து உட்டுச்சு. எடுக்காம இருந்திருந்தா "துணை"ன்னு எழுத அரைக் கிலோ, "வாழ்க்கைத் துணை"ன்னு எழுத ரெண்டு கிலோ வேணும்.

இது புதுசா வந்த கெரகம்னு நினைக்காத. நம்ம பெரியவங்க பனையோலையில எழுதினாங்களே, அதுலயும் இதே பாடுதான். எழுத்தாணியில புள்ளி குத்தினா ஓலை கிழியும். அதுனால புள்ளியே வைக்க மாட்டாங்க. கால் எது, ரகரம் எதுன்னு பாத்தாத் தெரியாது. எகரமா ஏகாரமான்னு படிக்கறவன்தான் ரோசனை பண்ணிக்கோணும். ஒருத்தன் பாத்து எழுதினதை இன்னொருத்தன் பாத்து எழுதி, ஆளுக்கொரு பாடம் ஆகிப் போச்சு. உ.வே.சாமிநாதையர் 1887ல சீவக சிந்தாமணியை அச்சுப் போடறதுக்கு முன்னால ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டுப் பாத்துப் படாத பாடு பட்டாரு. ஓலைத் தப்பைத் திருத்த அவரு இருந்தாரு. கேக்குத் தப்பைத் திருத்த ஆரு வருவா? ஒப்பிட்டுப் பாக்கறதுக்குள்ள மூலத்தைத் தின்னுபோடறோமே!

தின்னு தீந்தாலும் சிலது நெஞ்சுல நிக்குது. நம்ம வடக்காலத் தோட்டத்து மாமனுக்கு அறுபதாங் கல்யாணம் நடந்துச்சே, ஞாபகம் இருக்குதா? மக மெட்ராசுல இருந்து மூணடுக்குக் கேக்குக்குச் சொல்லியிருந்தா. மேல "மனிவிழா வாழ்த்துகள்". மூணு சுழி போயி ரெண்டு சுழி. எல்லாரும் மொகத்தைச் சுளிச்சாங்க. நான் மட்டும் பந்தல் வாசலைப் பாத்தேன். மொய் நோட்டைத் தொறந்து வெச்சுக்கிட்டு மாமனோட மச்சினன் உக்காந்திருக்கறான். மாஸ்டரு சரியாத்தான் எழுதியிருக்கறான்னு சொன்னேன். மாமன் ஆறு மாசம் எங்கூடப் பேசலை.

நம்ம தமிழய்யா ஓய்வு வாங்கின அன்னிக்கு என்ன எழுதியிருந்துச்சு? "பனி நிறைவு வாழ்த்துகள்." வெளிய மே மாசத்து வெயிலு மண்டையைப் பொளக்குது. ஆயுசுல பாதியை ணகர னகரத்துக்கே கொடுத்த மனுசன், கத்தியைக் கையில வாங்கி ரெண்டு நிமிசம் கேக்கையே பாத்தாரு. அப்பறம், "நான் இன்னும் ஓய்வு வாங்கக் கூடாது போல இருக்குதே"ன்னாரு. அந்த ஊருக் கூட்டத்துல அன்னிக்குப் பேசின பேச்செல்லாம் மறந்து போச்சு. பனி மட்டும் உருகாம நிக்குது.

இது ஏன் வருதுன்னு கேளு. இங்கிலீசுல அடிச்சா நகரம், ணகரம், னகரம் மூணுக்கும் ஒரே 'என்'. லகரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே 'எல்'. மூணு பொண்ணுகளுக்கு ஒரே பேரை வெச்சுப்போட்டு, கூப்பிட்டா வேற பொண்ணு வர்றாளேன்னு குதிச்சா எப்படி? பிறந்தநாள்ல தலை மேல இருக்கற அந்தக் கொக்கியை மட்டும் உட்டுப் பாரு, "பறந்தநாள்" ஆகிரும். பெங்களூர்ல இருக்கற உனக்கு அது பொருந்தும். சனிக்கிழமை வந்து ஞாயித்துக்கிழமை பறக்கறவன்தானே.

"வாழ்த்துகள்"ளுக்கு நடுவுல ஒரு 'க்' போடலாமா கூடாதான்னு படிச்சவங்க இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கறாங்க. எனக்கு இலக்கணம் தெரியாது. ஆனா 'க்' போட்டா உள்ள கள்ளு வந்துருதுங்கறாங்க. 1987ல இருந்து கள்ளுக்குத் தடை போட்ட ஊர்ல, கேக்கு மேலயாச்சும் ஒரு சொட்டு இருந்துட்டுப் போகட்டுமேப்பா. பனைமரம் வெச்சிருக்கறவனுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

இங்கிலீசு மட்டும் வாழுதாக்கும்? உன்ற மாமனோட கல்யாண நாளுக்கு வந்த கேக்குல 'வெட்டிங்'குல ஒரு 'டி' கழண்டுக்கிட்டு ஒரு 'ஈ' வந்து உக்காந்துருச்சு. கேக்குல ஈ உக்காரறது பாத்திருக்கறேன், எழுத்துல உக்காந்ததை அன்னிக்குத்தான் பாத்தேன். அப்படி எழுதினா அர்த்தம் களையெடுப்பாமே, உன்ற தங்கச்சிதான் சொன்னா. களையெடுப்பு நாள் வாழ்த்துகள்! மஞ்சக் காட்டுல களை வெட்டினவனுக்குத் தெரியும், ரெண்டும் ஒரே சோலிதான். குனிஞ்சது குனிஞ்சபடியே இருக்கோணும். நிமுந்தா ஏச்சு உழும்.

பேரு சமாச்சாரம் இன்னும் மோசம். அந்தக் காலத்துல பழனியப்பன், ராமாயி, பொன்னான்னு வெப்போம். கூப்புட்டா மாடு கூடத் திரும்பிப் பாக்கும். இப்ப நாக்கைப் புடிச்சு முறுக்கற மாதிரி வெக்கறீங்க. பொறப்புச் சர்டிபிகேட்டுல ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி, பள்ளிக்கூடத்துல ஒரு மாதிரி. அப்பனும் ஆத்தாளுமே ஒரே மாதிரி எழுதறதில்லை. ஒரு மணி நேரம் முன்னால பேரைக் கேட்ட மாஸ்டரு மட்டும் சரியா எழுதிப்போடோணும்.

மாதிரியைக் கையில கொடுத்தா நம்மாளு தப்ப மாட்டான், தெரிஞ்சுக்க. நம்மூருப் பேக்கரியில பாதி, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி வந்தவங்களோடது. அந்தச் சேரநாட்டுக் கதையைச் சொல்றேன். 1883ல தலச்சேரியில மாம்பள்ளி பாபுன்னு ஒருத்தரு பிஸ்கட்டுக் கடை வெச்சிருந்தாரு. பிரவுனுன்னு ஒரு எஸ்டேட்டுத் துரை, சீமையில இருந்து கொண்டாந்த கேக்கை அவரு கையில கொடுத்து, கிறிஸ்மஸுக்கு இதாட்ட ஒண்ணு செய்யின்னாரு. பாபு தின்னு பாத்தாரு. பிராந்திக்குப் பதிலா உள்ளூருச் சரக்கை ஊத்திச் செஞ்சு கொடுத்தாரு. துரை மெச்சி, மேக்கொண்டும் ஒரு டஜனுக்குச் சொன்னாருன்னு சொல்றாங்க. துரை போன்ல தட்டி உட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? கேக்கு மேல "இதாட்ட ஒண்ணு"ன்னு எழுதி வந்திருக்கும்.

அதுனால கேளு கண்ணு, இனி நோம்பி நொடின்னு கேக்குச் சொன்னா, ஒரு வெள்ளைத் தாளை எடு. பேனாவுல, தமிழ்ல, கேக்கு மேல என்ன வரோணுமோ அதை மட்டும் எழுது. எந்த வரிக்குக் கீழ எந்த வரின்னு வரி வரியா எழுது. பெருசு சின்னது, கலரு, வெலை, எத்தனை மணிக்கு வேணுங்கற தாக்கலெல்லாம் தாளுக்குப் பின்பக்கம். ரெண்டு வார்த்தை போதும்னா மூணாவது வார்த்தையை வாயில வெச்சுக்கிட்டுப் போயி நேர்ல சொல்லு. வாங்கறப்ப டப்பாவைத் தொறந்து அங்கயே படி. அம்பது ரூவாய்க்குக் கத்திரிக்கா வாங்கினா அமுத்தி அமுத்திப் பாக்கறே, அறுநூறு ரூவாக் கேக்கை மூடின மேனிக்கு வாங்கிட்டு வர்றே.

அப்படியும் தப்பு வந்தா? படம் புடி, சிரி, வெட்டு. தப்பில்லாத கேக்கை எவனும் பத்து வருசம் கழிச்சுப் பேசறதில்லை. சரி, தாளும் பேனாவும் இந்தா. பாப்பா பேரை மட்டும் எழுதிக் காட்டு.

…என்னது இது? "யாளினி"யா? அப்ப அந்த ஒரிசாப் பையனையே கூப்பிட்டு உனக்கு ட்யூசன் வெச்சுரலாம்.

அட, வெட்டிப்போட்டாங்க பாரு. உன்ற அம்மாயி கத்தியை வாங்கி, எல்லாருக்கும் முன்னால, கீழ் வரியில ஒரே ஒரு வார்த்தையை மட்டும் சீவி எடுத்துத் தட்டுல வெச்சு எனக்கு நீட்டறா. "சின்னதா."

சக்கரைக்காரருக்கு மாஸ்டரே அளவு எழுதித்தான் அனுப்பிச்சிருக்கறாருங்கறா. இப்பச் சொல்றேன் சாமி, அந்தச் சாவியை எடு. பேக்கரிக்கு நானும் வர்றேன்.