தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது

பழைய வெளிநாட்டுச் சொகுசுக் காரின் விலையைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். புது ஆல்டோ வாங்கும் பணத்தில் பாதிக்கு, தோல் சீட்டும் மரம் இழைத்த டேஷ்போர்டும் வைத்த ஆறு சிலிண்டர் ஜெர்மன் கார் கிடைக்கும். ஒரு காலத்தில் யாரோ மில் முதலாளி பின்சீட்டில் சாய்ந்து போன வண்டி. பயம் எல்லாம் வாங்கிய பிறகுதான். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் வழக்குப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் செலவே என் காரின் விலையைத் தாண்டிவிடும்.

என் காருக்கு ஒரு குணம். காலையில் சாவியைத் தொட்டாலே ஸ்டார்ட் ஆகும். அடையாறிலிருந்து தி.நகர் வரை முனகாமல் வரும். பாண்டி பஜாரில் நிறுத்திவிட்டு, காபிப் பொடி அரைத்து வாங்கிக்கொண்டு திரும்பினால் முடிந்தது கதை. செல்ஃப் ஜோராக அடிக்கும், இன்ஜின் பிடிக்காது. பானெட்டைத் திறந்து வைத்து முக்கால் மணி நேரம் பரிதாபமாக நின்றால், எதுவுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும்.

பானெட் திறந்த சொகுசுக் காருக்குச் சென்னையில் கூடும் கூட்டம் கல்யாண மண்டபத்துக்குக் கூடக் கூடாது. பூக்கடைக்காரர் பேட்டரி என்றார். ஆட்டோக்காரர் பெட்ரோலில் கலப்படம் என்றார். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், "அம்பாசிடர்ல இந்தத் தொல்லையே கிடையாது" என்று நோயைச் சொல்லாமல் மருந்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் அனைவரும் ஒருமனதாகத் தள்ள ஆரம்பித்தார்கள்.

"ஆட்டோமேடிக் கியர் சார், தள்ளினால் ஸ்டார்ட் ஆகாது" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? அந்த கியர்பாக்ஸில் சக்கரத்தையும் இன்ஜினையும் சேர்த்து வைப்பது ஆயில் பிரஷர். அந்த பிரஷரைக் கொடுக்கும் பம்ப்பைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜின் ஓடினால்தான் பிரஷர், பிரஷர் இருந்தால்தான் பிடிப்பு. எனவே பாண்டி பஜாரிலிருந்து தேனாம்பேட்டை வரை தள்ளினாலும் கார் தேனாம்பேட்டைக்குப் போகும், அவ்வளவுதான். அதற்குள் ஒருவர் "செகண்ட் கியர்ல போட்டு கிளட்ச்சை விடுங்க" என்று ஜன்னலில் தலையை நுழைத்தார். கிளட்ச் மிதி இல்லாததைப் பார்த்து, அதையும் நான்தான் தொலைத்துவிட்டேன் என்பது போல் முறைத்தார்.

இதில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. ஒரு காலத்தில் எவ்வளவு பெரிய கோடீஸ்வரன் காரானாலும் முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். அது எதிர்த்து அடித்தால் மணிக்கட்டு முறியும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார செல்ஃப் மோட்டார் 1912 மாடல் கேடிலாக்கில்தான் வந்தது. அதாவது செல்ஃபே சொகுசுக் கார் வழியாக வந்த வசதி. என் கார் அந்தப் பரம்பரை மானத்தை இன்றுவரை காப்பாற்றுகிறது. செல்ஃப் ஒருநாளும் பழுதானதில்லை. அதற்கு அடுத்து நடக்க வேண்டியதுதான் நடக்காது.

டோ வண்டிக்காரரைக் கூப்பிடலாம். அவர் கத்திப்பாரா நெரிசலைத் தாண்டி வந்து கொக்கியை மாட்டுவதற்குள் இன்ஜின் ஆறியிருக்கும். அவர் எதிரிலேயே ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும். அப்போது அவர் பார்க்கும் பார்வைக்கும் சேர்த்துத்தான் பில்.

பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் ஏ.சி. அறையில் உட்கார வைத்துக் கேப்பச்சினோ கொடுத்தார்கள். ஸ்கேனர் என் காரோடு பேச மறுத்தது. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரிப் பதினாறு பின் சாக்கெட் கட்டாயமானது. என் கார் அதற்குச் சற்று முந்தைய தலைமுறை. பானெட்டுக்குள் தனக்கென்று ஒரு வட்ட சாக்கெட் வைத்திருக்கிறது. ஸ்கேனர் பேசாததால் இன்ஜின் கம்ப்யூட்டரையே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து ஒன்றே முக்கால் லட்சத்துக்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். கேப்பச்சினோ மட்டும் இலவசம்.

உண்மையான துப்பைக் கொடுத்தது என் மனைவி. "ஏங்க, நீங்க புத்தகக் கடைக்குள்ள போற அன்னிக்கெல்லாம் வண்டி ஒழுங்கா ஸ்டார்ட் ஆகுதே. கவனிச்சீங்களா?" புத்தகக் கடையில் நான் இரண்டு மணி நேரம். காபிப் பொடிக் கடையில் பத்து நிமிடம்.

இதைப் புதுப்பேட்டையில் மெக்கானிக் பாயிடம் சொன்னேன். அவர் எந்தக் கருவியையும் தொடவில்லை. "நீ நல்லா ஓட்டினு வா சார். சூட்டோட ஆஃப் பண்ணு. டீ சாப்டலாம்" என்றார். கோளாறு காட்டாத வண்டியைத் தொடக்கூடாது என்பது அவர் கொள்கை. இன்ஜினை நிறுத்தியதும் தண்ணீர் சுழற்சியும் நின்றுவிடும். உள்ளே தேங்கிய சூடு கொஞ்ச நேரம் மேலேறிக்கொண்டுதான் இருக்கும். டீயின் நோக்கம் அதுதான்.

டீ முடிந்தது. சாவியைத் திருப்பச் சொன்னார். பெட்ரோல் பம்ப் முனகுகிறதா என்று காது கொடுத்தார். பேட்டரியில் மீட்டர் வைத்தார்: 12.6 வோல்ட், குறையில்லை. "செல்ஃப் அடிக்கச் சொல்லோ ஆர்பிஎம் முள்ளு ஆடுதா பாரு சார்." ஆடவில்லை. செத்தது போல் கிடந்தது. பாய் சிரித்தார்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார். ஃப்ளைவீல் சுற்றுவதைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. உள்ளே தலைமுடி போன்ற செம்புக் கம்பிச் சுருள். வயதாகி அதில் விரிசல் விட்டால், சூட்டில் பிரிந்துகொள்ளும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். தகவல் வராததால் கம்ப்யூட்டர் இன்ஜின் சுற்றவே இல்லை என்று நம்பி, பெட்ரோலையும் கரண்ட்டையும் சேர்த்து நிறுத்திவிடும். பாய் பனியன் வேஸ்ட்டைக் குடத்தில் நனைத்துக் கையை உள்ளே விட்டு அந்தச் சென்சார்மேல் வைத்தார். ஆவி எழும்பியது. "இப்ப அடி சார்." பிடித்துக்கொண்டது. லட்ச ரூபாய்க் கம்ப்யூட்டர் மேல் சுமத்தப்பட்ட பழி ஒரு ஈரத்துணியில் நீங்கியது.

சென்சாரை மாற்றியதும் அடுத்தது வந்தது. சிக்னலில் நின்றால் ஐட்லிங் நிற்காமல் முள் ஏறி இறங்கியது. இதற்குப் பாய் டீகூடச் சொல்லவில்லை. ரப்பர் ஹோஸ்களின் மேல் கார்ப் கிளீனரை இன்ச் இன்ச்சாகப் பீய்ச்சினார். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் சட்டென்று மாறியது. வெடித்த ஹோஸ் வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. புது ஹோஸின் விலை அந்தக் கேப்பச்சினோவைவிடக் குறைவு.

இப்போது வண்டி சூட்டிலும் ஸ்டார்ட் ஆகிறது, சிக்னலிலும் ஆடாமல் நிற்கிறது. நல்ல விலை வந்தால் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். வாங்க விரும்புகிறவர்கள் மார்கழியில் வரவும். ஏ.சி. வேலை செய்கிறதா என்று அப்போது யாரும் கேட்க மாட்டார்கள்.